வால்டர் டல்: ஆட்டக்காரர், சார்ஜென்ட், லெப்டினன்ட்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. எட்டாவது படிக்கும் அவர் மகன் கால்பந்து ஆடுகிறான். பள்ளியில் ஒரு விளையாட்டு வீரரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவன் தேர்ந்தெடுத்தது முதல் உலகப் போரில் இறந்த வால்டர் டல் என்ற இங்கிலாந்து ஆட்டக்காரரை. "பிரிட்டிஷ் ராணுவத்தின் முதல் கறுப்பின அதிகாரி என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது, அது சரிதானா? நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் எதற்காகப் பட்டாளத்துக்குப் போனார்? அவருக்குப் பதக்கம் ஏன் கொடுக்கவில்லை? நம்ம பக்கத்துக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?" என்று கேட்கிறார்.

நல்ல ஆளைத்தான் தம்பி தேர்ந்தெடுத்திருக்கிறான். நான் புதுச்சேரியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் மாலை நேரம் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்கு நான் அதிகம் சொன்ன வாழ்க்கை வால்டர் டல்லுடையதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

முதலில் ஒரு வேண்டுகோள். "முதல் அதிகாரி" என்பதைப் பேச்சின் தலைப்பாக வைக்க வேண்டாம். அந்த வரி முழுக்க உண்மையும் இல்லை, அந்த மனிதரின் உயரத்தை அது காட்டுவதும் இல்லை. இவருக்கு வெள்ளைக்காரர்கள்மேல் அதிகாரம் கூடாது என்று விதி எழுதி வைத்திருந்த ஒரு ராணுவத்தில், அதே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இவரை நம்பி இரவில் ஆற்றைக் கடந்தார்கள், இவர் விழுந்தபோது உயிரைப் பணயம் வைத்து உடலை இழுத்து வரப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்து இந்தக் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

சரி, ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

வால்டர் டேனியல் ஜான் டல் 1888 ஏப்ரல் 28 அன்று இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், ஃபோக்ஸ்டன் என்ற கடலோர ஊரில் பிறந்தார். அப்பா டேனியல், மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள பார்படோஸிலிருந்து பிழைப்புக்கு வந்த தச்சர். டேனியலின் அப்பா கரும்புத் தோட்டத்தில் அடிமையாக இருந்தவர். அம்மா ஆலிஸ் பாமர் கென்ட்டைச் சேர்ந்த வெள்ளைக்காரப் பெண். உங்கள் கடைசிக் கேள்விக்கான பதில் இங்கேயே தொடங்குகிறது. பார்படோஸுக்கு அருகில் இருக்கும் மார்ட்டினிக் தீவு பிரான்ஸுடையது. அங்கே 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்பு வெட்ட ஆள் இல்லாமல் போக, 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து நம் ஆட்களைத்தான் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் ஏற்றினார்கள். குவாதலூப் தீவுக்கும் அப்படியே. வால்டரின் தாத்தா வெட்டிய அதே பயிரை, பக்கத்துத் தீவுகளில் தமிழ் பேசியவர்கள் வெட்டினார்கள்.

1895-இல், வால்டருக்கு ஏழு வயது வாக்கில், அம்மா இறந்துபோனார். அப்பா, அம்மாவின் உறவுக்காரப் பெண்ணான கிளாராவை மறுமணம் செய்துகொண்டார். இரண்டே வருடத்தில் அப்பாவும் போய்விட்டார். அத்தனை பிள்ளைகளையும் கிளாரா ஒருத்தியாக வளர்க்க முடியவில்லை. 1898-இல் வால்டரும் அண்ணன் எட்வர்டும் லண்டன் கிழக்குப் பகுதியில், பெத்னல் கிரீனில் இருந்த மெத்தடிஸ்ட் சபையின் அநாதை இல்லத்தில் சேர்க்கப்பட்டார்கள். அப்புறம் எட்வர்டை கிளாஸ்கோவில் வார்னாக் என்ற குடும்பம் தத்தெடுத்துக்கொண்டது. அவர் படித்துப் பல் மருத்துவரானார். வால்டர் இல்லத்திலேயே தங்கி அச்சுத் தொழில் பழகினார், இல்லத்து அணியில் பந்து ஆடினார். அண்ணனும் தம்பியும் வேறு வேறு ஊரில் வளர்ந்தாலும் கடைசிவரை விட்டுப்போகவில்லை. போர்முனையிலிருந்து கடைசியாக வந்த சேதியும் எட்வர்டுக்குத்தான் வந்தது.

ஆட்டத்தில் அவர் வளர்ந்த வேகம் ஆச்சரியமானது. 1908-இல் கிளாப்டன் என்ற அமெச்சூர் அணியில் சேர்ந்தார். அந்த ஒரே பருவத்தில் அந்த அணி அமெச்சூர் கோப்பையை வென்றது. அடுத்த வருடம், 21 வயதில், டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் அவரைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. இன்றைய பையன்களுக்கு ஆட்டக்காரர் என்றாலே கோடிகள்தான் ஞாபகம் வரும். அன்று இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வாரம் 4 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. அச்சகத் தொழிலாளிக்கு அது நல்ல வருமானம்தான், செல்வம் இல்லை. அந்தக் கோடையில் அணியோடு கப்பலேறி அர்ஜென்டினாவுக்கும் உருகுவேவுக்கும் போய் ஆடிவிட்டு வந்தார். செப்டம்பரில் சண்டர்லாந்துக்கு எதிராக முதல் டிவிஷனில் இறங்கினார். இன்சைட் ஃபார்வர்டு இடம். ஓடி முட்டுகிற ஆள் இல்லை. பந்தைக் காலில் வைத்து நிதானமாகப் பார்த்துக் கொடுக்கிறவர். அன்றைய பத்திரிகைக் குறிப்புகள் திரும்பத் திரும்பச் சொல்வது அவருடைய நிதானத்தைத்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வருடம் கழித்து ஒரு ராணுவ ஜெனரலும் இதையேதான் எழுதப் போகிறார்.

இங்கிலாந்தில் கறுப்பின ஆட்டக்காரர் என்றால் அவருக்கு முன்பும் உண்டு. இன்றைய கானாவில் பிறந்த கோல்கீப்பர் ஆர்தர் வார்ட்டன் 1880-களிலேயே ஆடியிருக்கிறார். ஆனாலும் மைதானம் நிறைந்த கூட்டத்துக்கு வால்டரின் நிறம் கண்ணை உறுத்தியது.

1909 அக்டோபரில் பிரிஸ்டல் சிட்டி மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் கூட்டத்தின் ஒரு பகுதி அவரை நிறத்தைச் சொல்லி மிகக் கேவலமாகத் திட்டியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பத்திரிகையாளர் மறைக்காமல் எழுதினார். மீன் சந்தையில்கூடக் கேட்க முடியாத பேச்சு என்றார். அந்தக் கூச்சலுக்கு நடுவிலும் அன்று மைதானத்தில் இருந்தவர்களில் சிறந்த ஃபார்வர்டு வால்டர்தான் என்றும், மனதாலும் ஆட்டத்தாலும் வெள்ளைக்காரர்களுக்கு அவர் எடுத்துக்காட்டாக இருந்தார் என்றும் எழுதினார். 1909-இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் இப்படி வந்தது என்பதே பெரிய விஷயம். ஆனால் டாட்டன்ஹாம் அவருக்காக நிற்கவில்லை. கொஞ்ச நாளிலேயே அவர் முதல் அணியிலிருந்து ஒதுக்கப்பட்டு ரிசர்வ் அணிக்குப் போனார். முதல் அணிக்காக லீக் ஆட்டங்களில் மொத்தமே 10 முறைதான் இறங்கினார், 2 கோல் போட்டார். 21 வயதில் தென்னமெரிக்கா வரை போய்வந்த பையன், 23 வயதில் ரிசர்வ் அணியில். மனசு உடைந்து விட்டுவிடுகிற வயது அது. என்னிடம் வரும் பையன்களிலேயே இதைவிடச் சின்னக் காரணத்துக்கு பூட்ஸைக் கழற்றி வைத்தவர்கள் உண்டு.

அவர் விடவில்லை. 1911 அக்டோபரில் நார்தாம்ப்டன் டவுன் அவரை வாங்கியது. அதன் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன். பின்னாளில் ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் பெரிய அணிகளாக்கியவர் இவர்தான். ஆட்களை எடைபோடுவதில் கெட்டிக்காரர். வால்டரை ஃபார்வர்டிலிருந்து பின்னே கொண்டுவந்து ஹாஃப் இடத்தில் நிறுத்தினார். ஆட்டம் முழுவதையும் பார்த்துக் கட்டுப்படுத்துகிற இடம் அது. நிதானமான ஆளுக்கு அதுதான் பொருத்தம். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அவரை எங்கள் ஆள் என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஏன் பட்டாளத்துக்குப் போனார்?

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியது. போர் எங்கோ ஐரோப்பாவில் நடந்தது என்று தம்பி நினைத்துவிட வேண்டாம். அதே செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் நம் கடலுக்குள் வந்து சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. இங்கிலாந்தில் அன்று கட்டாய ராணுவச் சேவை கிடையாது, அது வந்தது 1916-இல்தான். எல்லோரும் தாமாகச் சேர வேண்டியவர்கள். இந்த நிலையில் தொழில்முறைக் கால்பந்து மட்டும் நிற்காமல் நடந்தது. ஆட்டக்காரர்கள் பருவம் முடியும்வரை கிளப்போடு ஒப்பந்தத்தில் இருந்தார்கள், அவர்களாக விலகிப் போக முடியாது. ஆனால் பத்திரிகைகளும் பெரிய மனிதர்களும் அதைக் கேட்கத் தயாராக இல்லை. உடல் வலுவான இளைஞர்கள் பந்தை உதைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள் என்று திட்டினார்கள். வசதியானவர்களின் விளையாட்டுகளுக்கு விழாத திட்டு, தொழிலாளிகளின் விளையாட்டுக்கு விழுந்தது என்பது என் கருத்து.

இதற்கு விடையாக 1914 டிசம்பர் 15 அன்று லண்டன் ஃபுல்ஹம் நகர மண்டபத்தில் ஒரு கூட்டம் கூடியது. வில்லியம் ஜாய்ன்சன்-ஹிக்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் முயற்சியில், ஆட்டக்காரர்களுக்கென்றே ஒரு படைப்பிரிவு உருவானது. மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டின் 17-ஆவது பட்டாலியன் அது. எல்லோரும் அதைக் கால்பந்துப் பட்டாலியன் என்றே அழைத்தார்கள். அன்று மேடையேறிப் பெயர் கொடுத்தவர்கள் 35 ஆட்டக்காரர்கள். பயிற்சிக் காலத்தில் சனிக்கிழமைகளில் தங்கள் கிளப்புக்கு ஆடிவிட்டு வரலாம் என்று சலுகை கொடுத்தார்கள். கிளாப்டன் ஓரியன்ட் என்ற லண்டன் அணியிலிருந்து மட்டும் ஆட்டக்காரர்களும் ஊழியர்களுமாக சுமார் 40 பேர் சேர்ந்தார்கள். வால்டர் பெயர் கொடுத்தது டிசம்பர் 21 அன்று. சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே பதவி உயர ஆரம்பித்துவிட்டது. லான்ஸ் கார்ப்பரல், அப்புறம் கார்ப்பரல், அப்புறம் சார்ஜென்ட்.

1915 நவம்பரில் பட்டாலியன் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தது. பதுங்குகுழி வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை அவருடைய ராணுவப் பதிவேட்டிலேயே பார்க்கலாம். 1916 மே மாதம் கடுமையான மனக்குலைவு என்று எழுதி அவரை இங்கிலாந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஓயாத குண்டுவீச்சில் மனம் தாங்காமல் போகிற நிலை அது. தம்பி இந்த இடத்தை விட்டுவிடக் கூடாது. வீரர் என்றால் பயமே இல்லாதவர் என்று மேடையில் பேசுவது வழக்கம். வால்டர் உடைந்தார், தேறினார், இலையுதிர் காலத்தில் மறுபடியும் பிரான்ஸுக்கு, சோம் ஆற்றுப் பக்கத்துப் போர்முனைக்குப் போனார். அவர் இங்கிலாந்தில் இருந்த அந்த ஜூலையில் அவருடைய பட்டாலியன் டெல்வில் காட்டில் சிக்கிப் பெரும் இழப்பைச் சந்தித்தது. கிளாப்டன் ஓரியன்ட்டின் வில்லியம் ஜோனஸ் தன் பால்ய நண்பனும் அணித்தோழனுமான ரிச்சர்ட் மெக்ஃபேடனிடம் விடை சொல்லிவிட்டுக் குழியிலிருந்து மேலே பாய்ந்தார், அங்கேயே விழுந்தார். கிளப்புக்குக் கடிதம் எழுதிச் சொன்னவர் மெக்ஃபேடன். அந்த அக்டோபரில் அவரும் இறந்தார். வால்டர் திரும்பி வந்தபோது தெரிந்த முகங்கள் எத்தனையோ இல்லை.

அந்த டிசம்பரில் பதுங்குகுழிக் காய்ச்சல் வந்து மறுபடியும் இங்கிலாந்து. இந்த முறை நேராகப் போர்முனைக்குத் திருப்பி அனுப்பவில்லை. அதிகாரிப் பயிற்சிக்கு, ஸ்காட்லாந்தில் கெய்ல்ஸ் என்ற இடத்துக்கு அனுப்பினார்கள்.

இது ஏன் பெரிய விஷயம் என்று புரிய அன்றைய விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதிகாரியாக விரும்புகிறவர் கலப்பில்லாத ஐரோப்பிய வம்சாவளியாக இருக்க வேண்டும் என்பது ராணுவத்தின் எழுத்துபூர்வமான நிபந்தனை. 1914-ஆம் ஆண்டு ராணுவச் சட்டக் கையேடு, நீக்ரோவோ வேறு நிறத்தவரோ படையில் சேரலாம், உண்மையான கட்டளை அதிகாரம் மட்டும் செலுத்தக் கூடாது என்றது. அந்தப் பிரிவு வெளிநாட்டவரைப் பற்றியது. வால்டர் கென்ட்டில் பிறந்த பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் கண்டிப்பாகப் பார்த்தால் அது அவருக்குப் பொருந்தாது. ஆனால் வம்சாவளி நிபந்தனை பொருந்தும். நம் ஆட்களுக்கும் இதே சுவர்தான். மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் மெசபடோமியா (இன்றைய ஈராக்) வரை போய்ச் சண்டை போட்ட ஒரு தமிழ் சுபேதார், இருபது வருட அனுபவம் இருந்தாலும், நேற்றுச் சேர்ந்த வெள்ளைக்கார செகண்ட் லெப்டினன்ட்டுக்குக் கீழேதான். போர்ப் படைகளில் இந்தியர்களுக்கு அரசரின் கமிஷன், அதாவது முழு அதிகாரிப் பதவி, முதன்முதலில் கிடைத்தது 1917 ஆகஸ்டில், அதுவும் ஒன்பதே பேருக்கு. அவர்களும் சமஸ்தானத்து, பெரிய வீட்டுப் பிள்ளைகள்.

அப்படியானால் வால்டருக்குக் கதவு திறந்தது எப்படி? இரண்டு காரணம். சோம் போரில் இளம் அதிகாரிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பள்ளிப் பெயரும் குடும்பப் பெயரும் பார்த்து அதிகாரிகளை எடுத்த காலம் முடிந்து, 1916 முதல் சிப்பாய்களிலிருந்தே நல்லவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். இது முதல் காரணம். ஆனால் அந்தப் பயிற்சிக்குப் போக, களத்தில் பக்கத்திலிருந்து பார்த்த மேலதிகாரி சிபாரிசு எழுத வேண்டும். வால்டருடைய நிறம் எல்லோருக்கும் தெரியும், விதியும் தெரியும். தெரிந்தே கையெழுத்துப் போட்டார்கள். 1917 மே 30 அன்று வால்டர் டல் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். அநாதை இல்லத்திலிருந்து வந்த அச்சுத் தொழிலாளி, சார்ஜென்ட் பட்டையிலிருந்து மேலே ஏறி, வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கட்டளையிடும் அதிகாரியாக நின்றார்.

கால்பந்து ஆட்டக்காரர்களின் இரண்டாவது படைப்பிரிவான 23-ஆவது மிடில்செக்ஸ் பட்டாலியனில் அவரைப் போட்டார்கள். அந்த அக்டோபரில் கபோரெட்டோ என்ற இடத்தில் இத்தாலியப் படை நொறுங்கி, பின்வாங்கி, பியாவே ஆற்றங்கரையில் வந்து நின்றது. அதைத் தாங்கிப் பிடிக்க பிரிட்டனும் பிரான்ஸும் படை அனுப்பின. வால்டரின் பிரிவும் போனது.

1918 புத்தாண்டு இரவு, ஜனவரி 1-க்கும் 2-க்கும் நடுவில், பியாவே ஆற்றைக் கடந்து எதிரியின் கரையில் திடீர்த் தாக்குதல் நடத்தத் திட்டம். ஆல்ப்ஸ் மலைப் பனி கரைந்து ஓடும் ஆறு, நடுக் குளிர்காலம். முதலில் இறங்கியவர்களில் வால்டர் ஒருவர். அப்புறம் முக்கியப் படைக்குக் காவலாகச் செல்லும் குழுவை அக்கரைக்குக் கூட்டிப் போனார். எதிரி கடுமையாகச் சுட்டான். வேலை முடிந்ததும் தன் ஆட்கள் அத்தனை பேரையும், ஒருவர்கூடக் குறையாமல், திருப்பிக் கூட்டிவந்தார். டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் சிட்னி லாஃபர்ட் இதற்காக அவரைப் பாராட்டி எழுத்தில் பதிவு செய்தார். அதில் குறிப்பிட்ட இரண்டு குணங்கள் வீரமும் நிதானமும். பிரிஸ்டல் மைதானத்துக் கூச்சலில் பந்தைப் பதறாமல் வைத்திருந்த அதே ஆள்.

மார்ச்சில் பட்டாலியனைப் பிரான்ஸுக்குத் திரும்ப அழைத்தார்கள். 21-ஆம் தேதி ஜெர்மனி தன் கடைசிப் பெரிய தாக்குதலைத் தொடங்கியது. பிரிட்டிஷ் படை மைல் கணக்கில் பின்வாங்கியது. 25-ஆம் தேதி, பபோம் ஊருக்கு அருகே ஃபாவ்ரெய் கிராமத்துப் பக்கம், பின்வாங்கும் ஆட்களை நடத்திக்கொண்டிருந்த வால்டர் குண்டடிபட்டு விழுந்தார். அடுத்த மாதம் அவருக்கு 30 வயது நிறைந்திருக்கும். அவர் ஆட்கள் அவரைத் தூக்கி வர முயன்றார்கள். அவர்களில் ஒருவர் லெஸ்டர் ஃபாஸ் அணியின் முன்னாள் கோல்கீப்பர் டாம் பில்லிங்ஹாம். ஜெர்மானியர் நெருங்கிவிட்டதால் உடலை விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது. உடல் கிடைக்கவே இல்லை. கல்லறை இல்லாத சுமார் 35,000 பேரின் பெயர்கள் பொறித்த அராஸ் நினைவுச் சுவரில் அவர் பெயரும் இருக்கிறது.

உடன் இருந்த பிக்கார்ட் என்ற அதிகாரி கிளாஸ்கோவில் இருந்த எட்வர்டுக்குக் கடிதம் எழுதினார். பட்டாலியன் முழுக்க அவரை எவ்வளவு விரும்பினார்கள் என்றும், தான் ஒரு நண்பனை இழந்தேன் என்றும் அதில் சொன்னார். வால்டருக்கு மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் கொடுக்கச் சிபாரிசு போயிருந்தது என்றும் அதிலேயே எழுதியிருந்தார்.

பதக்கக் கேள்வி இங்கிருந்துதான் வருகிறது. இனவெறியால் மறுத்தார்கள் என்று பலர் உறுதியாக எழுதுகிறார்கள். கையில் இருக்கும் சான்று இவ்வளவுதான்: பிக்கார்டின் கடிதம், லாஃபர்டின் பாராட்டு. சிபாரிசுத் தாளோ மறுத்த தாளோ ஆவணக் காப்பகத்தில் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் மிலிட்டரி கிராஸை இறந்தபின் கொடுக்கும் வழக்கமும் இல்லை, விதி மாறியது 1979-இல்தான். அதனால் இன்றும் அவருக்காகக் கோரிக்கை வைக்கிறார்கள். கொடுத்தால் நான் மகிழ்வேன். தம்பி மேடையில் "பதக்கத்துக்குச் சிபாரிசு செய்யப்பட்டதாக உடனிருந்த அதிகாரி எழுதினார், பதக்கம் வரவில்லை" என்று சொல்லட்டும். அது அசைக்க முடியாத உண்மை, கேட்பவர்களுக்கும் போதும்.

"முதல் அதிகாரி" விஷயமும் இப்படித்தான். ஜமைக்காவில் பிறந்த, கலப்பு வம்சாவளியைச் சேர்ந்த யூவன் லூசி-ஸ்மித் 1914 செப்டம்பரிலேயே ராயல் வாரிக்ஷயர் ரெஜிமென்ட்டில் அதிகாரியாகி, 1915 ஏப்ரலில் போரில் இறந்திருக்கிறார். 2020-இல் அவருடைய நினைவுத் தகடு ஏலத்துக்கு வந்தபோதுதான் பலருக்கு அது தெரியவந்தது. இன்னும் சிலரும் இருந்திருக்கிறார்கள். லூசி-ஸ்மித் வசதியான குடும்பத்துப் பிள்ளை, நல்ல பள்ளியில் படித்தவர். அந்தப் பின்புலம் எதுவும் இல்லாமல், சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து சுமார் இரண்டரை வருடத்தில் அதிகாரியானவர் வால்டர். முதல் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்தாலும் வால்டருக்கு ஒன்றும் குறையப் போவதில்லை.

இனி நம்ம பக்கம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு அருகே, பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. நீங்கள் கடந்து போயிருப்பீர்கள். 1914-18 போரில் தாய்நாட்டுக்காக இறந்த பிரெஞ்சிந்தியப் போர்வீரர்களுக்கு என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். அதாவது வால்டர் இங்கிலாந்துக்காகப் போன அதே போருக்குப் புதுச்சேரி, காரைக்கால் இளைஞர்கள் பிரான்ஸுக்காகப் போனார்கள். எங்கள் ஊரில் சொல்தா வீடு என்று இன்றும் சொல்வோம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, பிரான்ஸிலிருந்து பென்ஷன் வாங்குகிற குடும்பங்கள். பெரும்பாலும் இந்தோசீனா, அல்ஜீரியா போர்களைப் பார்த்தவர்கள் அவர்கள். 1881-இல் வந்த ஓர் ஆணைப்படி, சாதி மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்ட குடும்பங்கள் பல அதில் உண்டு.

அந்த மாற்றத்துக்கு முன்னால் நின்றவர் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர். 1873-இல் அவர் ஐரோப்பியர் மாதிரி பூட்ஸ் போட்டுக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தண்டிக்கப்பட்டார். விடாமல் பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். விதிப் புத்தகம் ஒருவனுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னதும், அவன் அதை மீறி நின்றதும் நம் ஊரிலும் நடந்ததுதான். வால்டர் பேச்சில் இதை ஒரு வரியாகச் சேர்த்தால் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பிரான்ஸின் கால்பந்துக்கும் இந்தப் போர் ஒரு பெயரைக் கொடுத்தது. பிரெஞ்சுக் கால்பந்தை ஒழுங்குபடுத்தியவர்களில் ஒருவரான சார்ல் சிமோன் 1915 ஜூனில் அராஸ் பக்கத்தில் போரில் இறந்தார். அதே அராஸ் நகரில்தான் வால்டரின் பெயர் பொறித்த சுவர் நிற்கிறது. சிமோனின் நினைவாகத்தான் பிரெஞ்சுக் கோப்பையைத் தொடங்கினார்கள். முதல் இறுதி ஆட்டம் 1918 மே 5 அன்று, போர் முடியும்முன்பே நடந்தது. இன்று அந்தக் கோப்பையில் மார்ட்டினிக், குவாதலூப் அணிகளும் ஆடுகின்றன.

பேச்சுக்கு ஐந்து நிமிடம்தான் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பிறப்பு, பள்ளி, அணி என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தால் நேரம் அதிலேயே போய்விடும். பியாவே ஆற்று இரவில் ஆரம்பிக்கட்டும், அங்கிருந்து பிரிஸ்டலுக்குப் போகட்டும், கடைசியில் பில்லிங்ஹாம் வால்டரைத் தூக்கி வர முயன்றதைச் சொல்லட்டும். தேதிகளில் மூன்று போதும்: 1909, 1917, 1918. நார்தாம்ப்டன் மைதானத்தின் வெளியே 1999-இல் வால்டருக்கு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள், அதன் படம் கிடைத்தால் காட்டலாம். டாட்டன்ஹாம் சட்டையில் அவர் எடுத்துக்கொண்ட புகைப்படமும், ராணுவ உடுப்பில் உள்ளதும் எளிதாகக் கிடைக்கும்.

ஒவ்வொரு வருடமும் நவம்பர் 11 அன்று கடற்கரைச் சாலை நினைவுச்சின்னத்தில் பிரெஞ்சுத் தூதரக அதிகாரிகளும் முன்னாள் சொல்தாக்களும் மலர்வளையம் வைப்பார்கள். கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். முடிந்தால் தம்பியைக் கூட்டி வாருங்கள். அங்கே வரும் பெரியவர்களிடம் வணக்கம் சொல்லிவிட்டு எந்தப் படையில் இருந்தீர்கள் ஐயா என்று கேட்டால் போதும், அவர்களே நிறையச் சொல்வார்கள். அவன் பேச்சில் எந்த இடமாவது பிடிபடவில்லை என்றால் மறுபடியும் கேளுங்கள், எழுதுகிறேன்.